"கோள் சொல்கிறாயா?" என்று கேட்கும் முன்

கேள்வி: வாடிப்பட்டி அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனைப் பேருந்தில் பெரிய வகுப்பு மாணவர்கள் பட்டப்பெயர் சொல்லிச் சீண்டி, சாப்பாட்டு டப்பாவையும் பறித்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்தே எனக்குத் தெரிந்தது. கேட்டால், "கோள் சொன்னா டீச்சர் திட்டுவாங்க" என்கிறான். என் கணவர் திருப்பி அடிக்கச் சொல்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நான், மற்றப் பிள்ளைகளுக்கும் இதை எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள். தனக்கோ பக்கத்தில் இருப்பவனுக்கோ நேரும் துன்பம் நிற்க வேண்டும் என்று சொல்வது உதவி கேட்பது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முன்பாக ஆசிரியர்களும் பெற்றோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏனெனில் "சும்மா கோள் மூட்டாதே" என்று ஒருமுறை விரட்டப்பட்ட குழந்தை, பிறகு காலையில் வயிற்று வலி என்று படுக்குமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

வகுப்பில் பேசும்போது, சீண்டுபவனையும் சீண்டப்படுபவனையும் விட, சுற்றி நின்று பார்க்கும் பிள்ளைகளிடம் அதிக நேரம் செலவிடுங்கள். சிரிக்காமல் இருப்பது, "வாடா, முன்னால போய் நிப்போம்" என்று நண்பனை அழைத்துச் செல்வது, நடத்துநரிடம் சொல்வது ஆகியவற்றை நடித்துக் காட்டிப் பழகச் செய்தால், நேரம் வரும்போது நா எழும். திருப்பி அடிக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தன்னைவிட மூன்று வயது மூத்தவர்களிடம் தனியாக மோதும் சுமையை அவன் தலையில் ஏற்றுவதாகவே அது முடியும்.

அந்தப் பட்டப்பெயரில் சாதி ஒளிந்திருக்கிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சாதி வன்மத்தால் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதையே தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்ததை நம் தென்மாவட்டப் பள்ளிகள் மறந்துவிடக் கூடாது.

உடல் பாதுகாப்பையும் இதே மூச்சில் சொல்லித்தரலாம். "யாரிடமும் சொல்லாதே" என்று பயமுறுத்தி வைக்கப்படும் எந்த ரகசியத்தையும், சொல்பவர் மாமாவாக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும், காக்க வேண்டியதில்லை என்று சிறு வயதிலேயே தெரியட்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடி மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றைச் சுவரில் எழுதுவதோடு நிறுத்தாமல், அழைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் பழக்குங்கள்.

தலைமையாசிரியரைப் பார்க்கக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். பெரிய மாணவர்களைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தாமல், பெற்றோருடன் தனியே அழைத்துப் பேசக் கேளுங்கள். அவமானம் பேருந்தில் மீண்டும் உங்கள் மகன்மீதுதான் இறங்கும். போகும் முன்பு, என்ன பேசப்போகிறீர்கள் என்பதை அவனிடம் சொல்லி, அவனுக்கு எது பயமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.