மிளகாய் வெளியிலிருந்து வந்தது என்றால் மதுரைச் சால்னா நம்முடையது இல்லையா?

காலனிய உணவு மரபு என்கிறார்களே, அது என்ன, மிளகாயே அந்நியச் சரக்கு என்றால் சால்னாவைப் பற்றிப் பெருமைப்படலாமா என்பது கேள்வி.

சரி, எளிதாகச் சொன்னால், ஆளவோ வியாபாரம் செய்யவோ வந்தவர்கள் கொண்டுவந்த பொருளும் பழக்கமும் உள்ளூர் அடுப்படியில் தங்கிவிடுவதுதான் அது. மிளகாய், தக்காளி இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1498-க்குப் பிறகு வந்த போர்ச்சுகீசியர்கள் வழியாக மிளகாய் இங்கே இறங்கியது. மிளகுக் கொடிக்கு மழையும் நிழலும் வேண்டும், மிளகாயோ மதுரைக்குத் தெற்கே வறண்ட கரிசலிலும் காய்க்கும், அதனால் ஏழை வீட்டுக்கும் காரம் மலிவாகக் கிடைத்தது. பெயரைப் பாருங்கள், மிளகு போலக் காரமான காய், நாமே வைத்தது.

வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரிதான். நாற்பது வருஷம் அடுப்படியை ஆண்டவளிடம் போய் உன் பிறந்த ஊர் எது என்று யார் கேட்கிறார்கள்?

எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. நம் மிளகுத்தண்ணீர்தான் ஆங்கிலேயர் மேசையில் முல்லிகட்டானி சூப் ஆனது. 2001-ல் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைத் தங்கள் தேசிய உணவு என்றே பேசினார்!

அப்புறம், மிளகாய் வரும்வரை நம் சமையல் சப்பென்று இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, மிளகும் திப்பிலியும் இஞ்சியும் காரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன.