வாசகர் கேட்டவை: ஒரு ஜோடி பூட்ஸில் இரண்டு வாரம்

கேள்வி: நகைச்சுவை எழுத்தாளர்கள் கனமான விஷயத்தைத் தொட்டால், முதல் பாதி சிரிப்பாகவும் மறுபாதி உபதேசமாகவும் ஆகிவிடுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்ட நாவல் என்று எதைச் சொல்வீர்கள்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவலான ‘பிக்விக் பேப்பர்ஸ்’ஸைச் சொல்வேன். அதில் அவர் ஒரு வழியில் முயன்று தோற்று, அதே நூலிலேயே வேறு வழியில் வென்றிருப்பதால், எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. 1836 ஏப்ரலில் மாத இதழாக, ஒரு ஷில்லிங் விலையில் அது வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது 24. ஓவியர் ராபர்ட் சீமோரின் வேடிக்கைப் படங்களுக்கு ஏற்றபடி எழுதித் தருவதே அவரை அழைத்தவர்களின் எண்ணம். தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக பிக்விக் என்ற பெரியவரும் அவருடைய மூன்று நண்பர்களும் ஊர் சுற்றக் கிளம்பி, போகிற இடமெல்லாம் அசடு வழிவார்கள்.

இந்தச் சிரிப்பு மட்டும் போதாது என்று டிக்கன்ஸுக்குத் தொடக்கத்திலேயே தோன்றியிருக்க வேண்டும். வழியில் சந்திக்கும் யாராவது ஒருவர் வாயிலாக இருண்ட கிளைக்கதைகளைச் சொல்லவைத்தார். அவற்றில் ஒன்று, கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடந்து, குழந்தையையும் மனைவியையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவன், தன்னை உள்ளே தள்ளிய மாமனாரைத் துரத்திப் பழி தீர்க்கும் கதை. சபதம், சாபம், புயல் என்று எல்லாம் உச்சக் குரலில் நடக்கிறது. மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. கதை முடியும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தூங்கிவிட்டிருக்க, மற்றவர்கள் அவருடைய பிராந்தியில் மெழுகுவத்திக் கொழுப்பைச் சொட்டவிட்டு விளையாடுகிறார்கள். ஒட்டவில்லை என்பது ஆசிரியருக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இரண்டாவது வழியில், அவர் துயரத்துக்கென்று தனிக்கதை தேடவில்லை. பிக்விக் ஒரு வேலைக்காரனை அமர்த்திக்கொள்ளலாமா என்று யோசனை கேட்டதை, வீட்டுக்கார அம்மாளான திருமதி பார்டெல் கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார். வழக்கு வருகிறது. வறுத்த இறைச்சியும் தக்காளி சாஸும் வேண்டும் என்று பிக்விக் எழுதி அனுப்பிய சீட்டை, எதிர்த்தரப்பு வக்கீல் காதல் கடிதமாக்கி வாசித்துக் காட்டும் இடத்தில் சிரிப்பை அடக்குவது கடினம். தீர்ப்பு 750 பவுண்டு நஷ்ட ஈடு. கையில் பணமிருந்தும், அநியாயத்துக்கு ஒரு காசும் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பிக்விக், கடனாளிகளை அடைக்கும் ஃப்ளீட் சிறைக்குள் போகிறார். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நாம் சிரித்த அதே நகைச்சுவைதான்.

உள்ளே அவர் பார்க்கும் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஜிங்கிள் என்ற எத்தன் நாவலின் தொடக்கத்தில் முழு வாக்கியமே பேசமாட்டான். தாழ்ந்த வளைவு, உயரமான அம்மா, சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வளைவை மறந்தாள், தலை போய்விட்டது, கையில் சாண்ட்விச், வைக்க வாயில்லை என்று கோச்சு வண்டியின் மேலிருந்து அவன் அள்ளிவிடுவான். அவன் பிக்விக்கை ஏமாற்றியவன். ஃப்ளீட் சிறையின் ஏழைகள் பகுதியில், அழுக்குச் சட்டையும் ஒட்டிய கன்னமுமாக அவனையே பிக்விக் பார்க்கிறார். ஒரு ஜோடி பூட்ஸ், அதில் இரண்டு வாரம்; பட்டுக் குடை, தந்தப் பிடி, அதில் ஒரு வாரம் என்று, அடகுக்கடைக்குப் போன பொருள்களால் வயிறு கழுவிய கணக்கை அவன் சொல்கிறான். பேச்சு அதே துண்டு துண்டான பேச்சுதான். அன்று அவனுடைய துடுக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை, இன்று பேசும் அளவுக்கு மூச்சே இல்லை. சிரிக்க வாயெடுத்த வாசகன் பாதியில் நிறுத்திக்கொள்ள, ஜிங்கிள் குழந்தையைப் போல விம்முகிறான்.

கேள்வி: டிக்கன்ஸின் குடும்பமும் சிறையைப் பார்த்தது உண்மையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உண்மை. 1824இல் தந்தை ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக மார்ஷல்சீயில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பூட்ஸ் மை தயாரிக்கும் பட்டறையில், வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்குப் புட்டிகளில் லேபிள் ஒட்டினான். 1870இல் அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. தந்தை கிடந்த சிறையின் பெயரைச் சொன்ன கிளைக்கதையில் குரல் உயர்ந்துவிட்டதையும், வேறொரு சிறைக்குள் பிக்விக்கை அனுப்பியபோது அது அடங்கிவிட்டதையும் நான் தற்செயலாக நினைக்கவில்லை.

கேள்வி: பிக்விக் பணக்காரர், நினைத்தால் வெளியே வரலாம். அப்படியானால் அவருடைய சிறைவாசம் வெறும் விளையாட்டுதானே? (வாசகர், சேலம்)

பதில்: குறைதான், மறுக்கமாட்டேன். ஜிங்கிளின் விடுதலையும் கடைசியில் அவருடைய பணப்பையிலிருந்தே வருகிறது. ஆனாலும் சில நூறு பிரதிகளில் தொடங்கிய தொடர், சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வந்த பிறகு ஏறி, முடிவில் 40,000 பிரதிகளை எட்டியது. அந்த உச்சத்தை நெருங்கும் வேளையில் கோமாளிக் கதாநாயகனைச் சிறையில் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். பிக்விக் அங்கே யாரையும் திருத்துவதில்லை. தலையும் நெஞ்சும் வலிக்கின்றன என்று சொல்லி மூன்று மாதம் பகலெல்லாம் அறைக்குள்ளேயே கிடக்கிறார். இரவில்தான் காற்று வாங்க வெளியே வருவார். சிரிப்பு அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது சாம். எஜமானரைப் பிரிய மனமில்லாமல், அப்பாவிடம் 25 பவுண்டு கடன் வாங்கி, அவரைக்கொண்டே வழக்குப் போடவைத்துத் தானும் கைதாகி உள்ளே வருகிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிக்விக் பணம் தராததால் வக்கீல்கள் தங்கள் செலவுக்காகச் சொந்தக் கட்சிக்காரரான திருமதி பார்டெலையே பிடிக்கிறார்கள். ஏதோ வக்கீல் அலுவலகம் என்று நம்பி வண்டியிலிருந்து இறங்கும் அவர், ஃப்ளீட் வாசலைத் தாண்டிவிடுகிறார். உள்ளே காற்று வாங்கிக்கொண்டிருந்த பிக்விக் கோபத்துடன் திரும்பிக்கொள்ள, சாம் கேலியாகத் தொப்பியைக் கழற்றி வணங்குகிறான். “அந்த அம்மாவைச் சீண்டாதே, இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறாள்” என்கிறான் சிறைக் காவலன்.