ஷவர் இல்லாத விருந்தினர் கழிப்பறைக்கும் வாட்டர்ப்ரூஃபிங் வேண்டுமா?

வாசல் பக்கத்துச் சின்ன கழிப்பறையைப் புதுப்பிக்கிறேன், குளிக்கும் இடம் இல்லை, டைல்ஸ் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சொம்பு உண்டு என்றால் போதாது. தமிழில் கேட்டிருப்பதால் உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் கொத்தனார் இல்லை, பட்டவன். எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில். 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பகுதி. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் உள்ள வீடுகள் இங்கே நிறைய, எங்களுடையதும் அப்படித்தான். மாடிப்படிக்குக் கீழே ஒரு கழிப்பறையும் கை கழுவும் பேசினும். புதுப்பித்தபோது என் மச்சான் கூட்டிவந்த ஆள், "இது குளியலறையா என்ன? டைல்ஸே காக்கும்" என்றார். பணம் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். அது என் தப்புதான்.

தைப்பூசக் காவடி வந்தது. இங்கே அது புழுக்கமான கோடைக்காலம், துணி காயவே இரண்டு நாள் ஆகும். காவடி எடுத்த வீடு என்று சொந்தபந்தம் எல்லாம் வந்துபோனது. அத்தனை பேரும் சொம்புத் தண்ணீர், தரை காய நேரமே இல்லை. சில மாதத்தில் வெளிப்பக்கச் சுவரில் பெயிண்ட் உப்பியது, அப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்தது. அதைச் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தேன், அதுவும் உப்பியது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு, அலமாரியை நகர்த்திக் காட்டினார். பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெறும் காற்று ஈரம் என்று சிலர் சொன்னார்கள். சரி என்று ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். நம் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் நனைந்தால் சுவருக்குள் ஈரம். சுவர்ப் பக்கம்தான் சொட்டியது.

டைல் ஓடு தண்ணீரை விடாது. ஆனால் இடுக்கில் போடும் சிமென்ட் கிரவுட் உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் சுவரின் சிமென்ட் பூச்சைப் பிடித்து மேலே ஏறும். எல்லாவற்றையும் உடைத்து, வாரக்கணக்கில் காயவிட்டோம். அப்புறம் தண்ணீர் புகாமல் இருக்க சிமென்டும் பாலிமரும் கலந்த பூச்சு இரண்டு கை, ஒன்றுக்குக் குறுக்கே இன்னொன்று. தரையும் சுவரும் சேரும் மூலைகளில் வலைப்பட்டை, குழாய் நுழையும் இடமெல்லாம் தனியாக அடைப்பு. சுவரில் 15 சென்டிமீட்டர் உயரம், கழிப்பறைப் பீங்கானுக்கும் குழாய்க்கும் பின்னால் இடுப்பளவு. டைல்ஸ் போடும் முன் வாசலில் சின்ன தடுப்பு கட்டி, தரையில் தண்ணீர் தேக்கி, சாக்பீஸால் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு, மட்டம் இறங்குகிறதா என்று 24 மணி நேரம் பார்த்தோம். இந்தச் சோதனையை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள்.

யாராவது வந்து வீட்டுக்குள் வாட்டர்ப்ரூஃபிங் பற்றிய ஜெர்மன் தரவிதி டிஐஎன் 18534ஐக் காட்டுவார்கள். தரை வடிகால் இல்லாத வீட்டு விருந்தினர் கழிப்பறையை அது தண்ணீர் மிகக் குறைவாகப் படும் வகுப்பில்தான் வைக்கிறது, தெரியும். காகிதத்தால் துடைக்கும் வீட்டுக்குச் சரி, நம் வீட்டுக்கு இல்லை. "சொம்பை விட்டுவிடுங்களேன், மாமா" என்று இங்கே பிறந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார்களாம், சொம்பு மட்டும் ஆகாதாம்!

அந்த மச்சான் இந்தப் பக்கமே வருவதில்லை.

உங்கள் வீடும் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர் உள்ள வீடு என்றால், வேலை தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டாரை அலமாரியை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.