சுறாக் குருத்தெலும்புப் பொடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் பார்க்கிறோம். உறவினர் ஒருவர் சுறாக் குருத்தெலும்புப் பொடி வாங்கி வந்திருக்கிறார். சுறாவுக்கு கேன்சரே வராதாம், அதிலுள்ள புரதம் கட்டிக்கு ரத்தக்குழாய் போகாமல் தடுக்குமாம். சுறா பிடிக்கப் போகும் என் மாமாவும் ‘நம்ம கடல்ல கிடைக்கிறதுதானே, கொடுத்துப் பாப்போம்’ என்கிறார். ஆபரேஷன் செய்தால் கத்தி பட்டு மற்ற இடத்திலும் பரவும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். எதை நம்புவது?

செலின்

அன்புள்ள செலின்,

பொடியைக் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் உறவினர் சொன்னதில் பாதி நல்ல அறிவியல். அந்தப் பாதி எது என்று தெரிந்தால்தான் வீட்டில் உங்களால் பேச முடியும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இளம் அறுவை மருத்துவராக இருந்தவர் ஜூடா ஃபோக்மன். முயலின் தைராய்டைத் தனியே எடுத்துத் திரவம் செலுத்தி உயிரோடு வைத்து, அதில் புற்றுச் செல்களை விட்டார். கட்டி ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்ததும் நின்றுவிட்டது. அதையே உயிருள்ள எலிக்குள் வைத்தால் மளமளவென்று வளர்ந்தது. எலிக்குள் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கட்டிக்குள் நுழைந்ததுதான் வித்தியாசம். பேச்சிப்பாறைக் கால்வாயில் ஒருவர் திருட்டு மடை வெட்டித் தன் தோப்புக்கு மட்டும் தண்ணீரைத் திருப்புவதுபோல, கட்டி உடலின் ரத்தத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இந்த மடையை அடைத்தால் கட்டியை நிறுத்தலாம் என்று 1971இல் அவர் எழுதியபோது பலரும் நம்பவில்லை.

குருத்தெலும்பு வந்தது இங்கேதான். அதில் ரத்தக்குழாயே கிடையாது. அப்படியென்றால் குழாயை வரவிடாத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று 1970களில் அவருடைய குழு முயல் குருத்தெலும்பைச் சோதித்தது, இருப்பதும் தெரிந்தது. சுறாவின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு என்பதால் 1983இல் அதிலும் பார்த்தார்கள். குருத்தெலும்பிலிருந்து பிரித்த சாற்றைக் கட்டியின் பக்கத்தில் வைத்தபோது குழாய்கள் வளர்வது குறைந்தது. இதுவரை எல்லாம் உண்மை.

அப்புறம்தான் வியாபாரம் நுழைந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்ததை வாயால் விழுங்கச் சொன்னார்கள். புரதம் வயிற்றுக்குப் போனால் இறைச்சிபோலச் செரித்துத் துண்டு துண்டாகிவிடும், கட்டியிருக்கும் இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேராது. சுறாவுக்கு கேன்சர் வராது என்பதும் பொய். கட்டிகள் பதிவாகியிருக்கின்றன, குருத்தெலும்பிலேயே. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த மருந்து ஒன்றை அமெரிக்காவிலும் கனடாவிலும் 379 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். வெறும் போலி மருந்து எடுத்தவர்களைவிட ஒரு பலனும் கூடுதலாக இல்லை. 2010இல் அந்த முடிவு வெளியானது. பொடியில் கால்சியம் அதிகம். குமட்டலும் வரும், கீமோ எடுக்கும் அம்மாவுக்கு அது வேறா? மற்றபடி சுறாப்புட்டு அம்மாவுக்குப் பிடிக்குமென்றால் சமைத்துக் கொடுங்கள், அது சாப்பாடு.

இனி கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு. நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இதை நம்பியே காலத்தைக் கடத்திவிட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய கட்டியை எடுத்தபின் வேறிடத்தில் சிறு கட்டிகள் வளர்வதை அறுவை மருத்துவர்கள் எப்போதாவது பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று ஃபோக்மனின் ஆய்வகத்தில் மைக்கேல் ஓ’ரெய்லி எலிகளிடம் தேடினார். எலிகளின் சிறுநீரைச் சேகரித்துச் சேகரித்து, 1994இல் ஆஞ்சியோஸ்டாட்டின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். ரத்தக்கட்டியைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் புரதத்தின் துண்டு அது. பெரிய கட்டி இருக்கும்போது இந்தத் துண்டு ரத்தத்தில் சுற்றி, தூரத்துக் குட்டிக் கட்டிகளுக்குக் குழாய் முளைக்காமல் தடுக்கிறது. குட்டிக் கட்டிகள் ஏற்கெனவே அங்கே இருந்தவை, கத்தி கொண்டுபோய் விதைத்தவை அல்ல. தடுப்பு இருக்கிறதே என்று பெரிய கட்டியை விட்டுவைத்தால் அதுவே ஆளைக் கொல்லும். அம்மாவுக்கு அறுவை தேவையா என்பதை டாக்டர்கள் முடிவு செய்யட்டும். தேவை என்று சொன்னால் இந்தப் பயத்தால் மட்டும் மறுத்துவிடாதீர்கள்.

1997இல் அதே ஆய்வகம் கண்ட, இதேபோல் குழாய் முளைப்பதைத் தடுக்கும் என்டோஸ்டாட்டின், நம் ரத்தக்குழாய்ச் சுவர்களிலுள்ள கொலாஜன் 18 என்ற புரதத்தின் துண்டு. அதன் மரபணு 21ஆவது குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல், என்டோஸ்டாட்டினும் கூடுதல். ரத்தப் புற்றுநோய் அவர்களுக்கு அதிகம் வந்தாலும், கட்டியாக வளரும் புற்றுநோய்கள் குறைவு. அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நம் உடம்பே இப்படி ஒரு தடுப்பைச் செய்துவைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம். எலிகளில் கட்டிகள் சுருங்கியதும் 1998இல் பத்திரிகைகள் கேன்சரே ஒழிந்ததுபோல எழுதின. மனிதர்களிடம் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. திருத்திய ஒரு வடிவத்தை சீனா மட்டும் 2005இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதித்தது.

உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடியது வேறொன்று. குழாய் முளைக்கத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் என்ற மருந்து. பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோவோடு சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது. முழுக் குணமில்லை, ஆனால் நிரூபிக்கப்பட்ட மாதங்கள். இப்போது இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன.

அடுத்தமுறை போகும்போது அம்மாவுக்கு இது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் பொருந்தாது. ரத்த அழுத்தம் ஏறும், ரத்தக்கசிவு வரலாம், அரிதாகக் குடலில் ஓட்டையும் விழலாம். புண் ஆறவும் புதுக் குழாய்கள் வேண்டும் என்பதால் அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரம் இதை நிறுத்திவைப்பார்கள். பொடி ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம்.