டாலி ரிப்போர்ட்டுல சார்ட் போடோணுமா? முதல்ல டேட்டாவைச் சரி பண்ணுங்க

சென்னிமலையில ஒரு பெட்ஷீட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கற அம்மணி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "டாலி பிரைம்ங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல இருந்து மாசாமாசம் சேல்ஸ், பாக்கி ரிப்போர்ட்டை எக்ஸெல்லுக்கு எடுத்து முதலாளிக்குக் குடுக்கறேனுங்க. படமா போட்டுக் குடுங்கறார். எல்லாப் பார்ட்டியையும் ஒரே பை சார்ட்டுல போட்டேன், ஒண்ணும் புரியலீன்னுட்டார். என்ன சார்ட் போடறது, இதுக்குத் தனியா சாஃப்ட்வேர் வாங்கோணுமா?"

வாங்க வேண்டாமுங்க, எக்ஸெல்லே தாராளம். டாலி பிரைம்லயே 4.0 வெர்ஷன்ல இருந்து டாஷ்போர்டு இருக்குது, ஒரு பார்வை பாக்க அது போதும், ஆனா முதலாளி கேக்கற மாதிரி மாத்தி அமைக்க எக்ஸெல் தான் வசதி.

சார்ட் கெட்டுப்போறது பெரும்பாலும் சார்ட்டுனால இல்லீங்க, டேட்டாவுல தான். டாலில இருந்து வர்ற ஷீட்டுல மேல கம்பெனி பேர், அட்ரஸ், தேதின்னு நாலஞ்சு வரி வரும், கீழ கிராண்ட் டோட்டல் வரும். அதைத் தூக்காம செலக்ட் பண்ணுனா டோட்டலும் ஒரு பார்ட்டி மாதிரி உசரமா நின்னுக்கும், மத்ததெல்லாம் தரையோட ஒட்டிக்கும். ஒரே ஒரு தலைப்பு வரி, அதுக்குக் கீழ டேட்டா, அவ்வளவு தான் இருக்கோணும். அப்பறம் கன்ட்ரோல் டி குடுத்து டேபிளா மாத்திப்போடுங்க, அடுத்த மாசம் கீழ ஒட்டுனா சார்ட் தானா நீண்டுக்கும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப கவனமா பாருங்க. பேலன்ஸ் ஒரே காலத்துல (நெடுவரிசைல) வந்தா செல்லுல டெபிட், கிரெடிட்னு தெரியும், ஆனா அந்த செல்லை கிளிக் பண்ணி மேல ஃபார்முலா பார்ல பாத்தா வெறும் நம்பர் தான் இருக்கும். அது ஃபார்மட் மட்டும் தானுங்க. அட்வான்ஸ் குடுத்த பார்ட்டியும் பாக்கி வெச்ச பார்ட்டி மாதிரியே சார்ட்டுல வந்து நிக்கும், மொத்தமும் தப்பாயிரும். டாலியோட குரூப் சம்மரி ரிப்போர்ட்டுல டெபிட், கிரெடிட் தனித்தனி காலமா எடுத்து டெபிட்ல இருந்து கிரெடிட்டைக் கழிச்சுக்கோங்க.

இப்ப சார்ட்டுக்கு வருவோம். பை சார்ட்டு நாலஞ்சு துண்டுக்கு மேல போனா யாராலயும் படிக்க முடியாது, அதுனால படுக்கைவாட்டு பார் சார்ட் போடுங்க, பெரிய பாக்கில இருந்து பத்து பார்ட்டி, மிச்சமெல்லாம் "மத்தவங்க"ன்னு ஒரே பார். எக்ஸெல் முதல் வரியைக் கீழ போட்டுரும், ஃபார்மட் ஆக்ஸிஸ்ல கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்னு டிக் பண்ணுனா மேல வந்துரும். ஒவ்வொரு பாரையும் பாக்கி எத்தனை நாளாச்சுன்னு பாத்து 0-30 நாள், 31-45, 45க்கு மேலன்னு மூணு கலரா பிரிச்சீங்கன்னா எந்தப் பார்ட்டிக்கு போன் போடோணும்னு முதலாளிக்கு உடனே தெரிஞ்சிரும். டாலில ஏஜ்வைஸ் எடுத்தா இந்தக் கணக்கு கிடைக்கும். 45 ஏன்னா, உங்க கம்பெனி உத்யம் பதிவுல (குறு, சிறு, நடுத்தர தொழிலுக்கான அரசு பதிவு) மைக்ரோவோ ஸ்மாலோவா இருந்தா எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குனவங்க அதுக்கு மேல இழுக்க சட்டத்துல இடமில்லீங்க.

சேல்ஸுக்கு போன வருசம் அதே மாசத்தோட ஒப்பிட்டு கம்பம் கம்பமா சார்ட் போடறாங்க எல்லாரும். நம்ம தொழிலுக்கு அது ஏமாத்திரும். தீவாளி 2023ல நவம்பர் 12, 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20. நோம்பிக்கு சரக்கு போற மாசமே மாறுதில்லீங்களா, அப்பறம் அக்டோபரை அக்டோபரோட வெச்சா வியாபாரம் படுத்த மாதிரியோ பிச்சுக்கிட்டுப் போன மாதிரியோ தெரியும், ரெண்டும் நெசமில்ல. ஏப்ரல்ல இருந்து கூட்டிக்கிட்டே வர்ற மொத்தத்தை ரெண்டு வருசத்துக்கும் ரெண்டு கோடா போடுங்க, நான் எல்லாருக்கும் இதைத் தான் சொல்றேன்.

எக்ஸெல் மில்லியன்ல காட்டுனா டிஸ்ப்ளே யூனிட்ஸ்ல 100000 எடுத்து, லேபிளை "லட்சம்"னு மாத்திருங்க. பார் சார்ட்டுல ஆக்ஸிஸ் பூஜ்யத்துல தான் ஆரம்பிக்கோணும், இல்லீன்னா சின்ன வித்தியாசம் மலையாத் தெரியும். முதலாளி கருப்பு வெள்ளைல பிரிண்ட் எடுப்பார்னா சிவப்பு, பச்சை வேண்டாம், ரெண்டும் ஒரே சாம்பலா விழும். ஒரே நீலத்துல வெளிறுனது, நடுத்தரம், அடர்த்தின்னு மூணு வெச்சு, அடர்த்தியை 45 நாளைத் தாண்டுனதுக்குக் குடுங்க.