மருத்துவர் பதில்: இந்த வலி மலைக் குளிரால் வந்ததல்ல

கேள்வி: எனக்கு வயது 31. கோத்தகிரி அருகே எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. மாதவிடாயின் முதல் இரண்டு நாள் நிமிர்ந்து நிற்க முடியாத வலி. இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் கட்டியும், கருப்பைச் சுவரில் அடினோமயோசிஸும் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. ஈரக் காட்டில் நிற்பதால் கருப்பை குளிர்ந்துவிட்டது என்கிறார் மாமியார். செல் ஆராய்ச்சியில் புது மருந்து வரும், பொறுத்திருக்கலாம் என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, பனியில் இடுப்புப் படங்கு நனைய நின்றதால் இந்த நோய் வரவில்லை. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ்; அது சினைப்பையில் வளர்ந்து பழைய இரத்தம் தேங்கினால் சாக்லேட் கட்டி. அத்தகைய திசு கருப்பைச் சுவரின் தசைக்குள் வளர்வது அடினோமயோசிஸ். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது; வெயில் கொளுத்தும் ஊர்களிலும் அப்படித்தான். உங்கள் வலிக்கு நீங்கள் எந்த வகையிலும் காரணமல்ல என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்.

மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் சென்று, அதிலுள்ள கருப்பை உட்படலச் செல்கள் அங்கே ஒட்டி வளர்வதாக அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927இல் விளக்கினார். ஆனால் இப்படிப் பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. அவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்பதைத்தான் செல் ஆய்வுகள் தேடுகின்றன. இயல்பான உட்படலத்தில் நூற்கதிர் போல நீண்டு மெலிந்திருக்கும் செல்கள், புரோஜெஸ்டிரான் ஹார்மோன் வந்ததும் உருண்டு பருத்து, கரு பதிவதற்கான மெத்தையாகின்றன. இந்நோய் உள்ள பலரின் செல்கள் அந்த ஹார்மோனுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. வழி தவறி வளர்ந்த திசுவோ தானே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து, அழற்சியைத் தூண்டி, வலி நரம்புகளை உசுப்புகிறது. கேஆர்ஏஎஸ் போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் ஆழமாக ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸில் இருப்பது 2017இலும், அடினோமயோசிஸில் இருப்பது 2019இலும் வெளியானது. இவை புற்றுநோயிலும் காணப்படும் மாற்றங்கள் என்று எங்காவது படித்தால் அஞ்ச வேண்டாம். உங்களுக்கு இருப்பது புற்றுநோயல்ல.

இந்த அறிவு இன்னும் நோயை வேரோடு நீக்கும் மருந்தாகக் கைக்கு வரவில்லை. ஆகவே அதற்காகக் காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். சினைப்பையின் முட்டை இருப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டுதான் போகும். வலியைத் தணிக்கும் ஹார்மோன் மாத்திரைகளைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: அவை எடுக்கும் காலத்தில் கருத்தரிப்பையும் தடுக்கும், எடுத்து நிறுத்திய பிறகு கருவுறும் வாய்ப்பைக் கூட்டுவதுமில்லை. ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலும் 2022இல் இதையே சொல்லியிருக்கிறது. எனவே, இப்போதே குழந்தை வேண்டும் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கட்டியை உடனே வெட்டி எடுக்கவும் அவசரப்பட வேண்டாம். அறுவை சிகிச்சையில் கட்டியின் சுவரோடு நல்ல முட்டைகளும் போய்விடக்கூடும் என்பதால், 3 செ.மீ. அளவுக்கு அதன் நன்மை தீமைகளைக் கேட்டறிந்தே முடிவெடுக்க வேண்டும். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் இரத்தப் பரிசோதனையும், கருக்குழாய் அடைப்பைக் காட்டும் பரிசோதனையும் முன்னதாகத் தேவை. நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால், உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சை பற்றியும் இப்போதே பேசலாம்.

கோவைக்கோ உதகைக்கோ மகப்பேறின்மை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய ஸ்கேன் படங்களை எடுத்துச் செல்லுங்கள். கணவரையும் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய விந்துப் பரிசோதனை இல்லாமல் உங்களுக்கு எந்தச் சிகிச்சையையும் திட்டமிட முடியாது.