புரோகிதர் இல்லாத திருமணம்: சட்டக் கேள்விகளுக்குப் பதில்

சுயமரியாதைத் திருமணம், சிறப்புத் திருமணச் சட்டம், சாதி மதம் அற்ற சான்றிதழ் ஆகியவை பற்றிய தமிழ்நாட்டு நடைமுறைக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் வழக்கு நடப்பவர்கள் உங்கள் வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

கே: வணக்கம் தோழர். இருவருமே இந்துக் குடும்பம், இருவருக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. மாலை மட்டும் மாற்றினால் போதுமா, தாலி வேண்டுமா?

மாலை போதும். இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் அண்ணா ஆட்சி சேர்த்த 7-ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு, மூன்று வழிகளைத் தருகிறது. ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரிந்த மொழியில் சொல்லலாம், மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று இருந்தால் சரி. ஆனால் உறவினரோ நண்பரோ வேறு யாரோ கண்ணெதிரே இருக்க வேண்டும்.

இதை நீதிமன்றம் ஏற்குமா என்று இன்னமும் கேட்கிறார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன நாகலிங்கம் வழக்கைப் பாருங்கள். முதல் மனைவி இருக்கும்போதே இன்னொருவரை மணந்தவர், 'அதில் ஏழடி எடுத்து வைக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை' என்று தப்பப் பார்த்தார். 7-ஏ இருக்கும்போது ஏழடி தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருதார வழக்கிலிருந்து அவரால் அந்த வழியில் நழுவ முடியவில்லை.

நடைமுறையில் சறுக்குவது ஆதாரத்தில்தான். உறுதிமொழியைத் தாளில் அடித்து, இருவரும் சாட்சிகளும் தேதியோடு கையெழுத்திடுங்கள். சாட்சிகள் முகம் தெரியும்படி படம் எடுங்கள். 90 நாளுக்குள் 2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள்.

கே: வழக்கறிஞர் அலுவலகத்தில் சான்றிதழ் தருகிறார்களே?

அந்தத் தாள் திருமணம் ஆகாது. 2023-ல் உச்ச நீதிமன்றம் தந்த இளவரசன் தீர்ப்பு, 7-ஏ திருமணத்தை ஊரறிய நடத்தத் தேவையில்லை என்றது. வழக்கறிஞர் நண்பராகவோ உறவினராகவோ சாட்சி நிற்கலாம். நீதிமன்ற அலுவலர் என்ற தகுதியில் நடத்திவைக்க முடியாது. திருமணம் நடந்திருந்தால் மட்டுமே சான்றுக்குப் பொருள். நடக்காத தேதியைப் போட்டு வாங்காதீர்கள்.

கே: அவள் கிறிஸ்தவர், நான் இந்து. 7-ஏ செல்லுமா?

செல்லாது. உங்கள் வழி, எந்த மதத்தவரும் மதம் மாறாமல் மணக்க உதவும் சிறப்புத் திருமணச் சட்டம், 1954.

இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவுத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். உங்களில் யாருடைய நிரந்தர முகவரியாவது வேறு மாவட்டத்தில் இருந்தால், அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் போய் அங்கேயும் ஒட்டப்படும். சென்னையில் விண்ணப்பித்தவர் வீட்டுக்கு ஊரில் செய்தி எட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். பெற்றோருக்குக் கடிதம் அனுப்பச் சட்டம் சொல்லவில்லை.

30 நாள் கழிந்ததும் மூன்று சாட்சிகளோடு போகலாம். அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது காலாவதி, திரும்ப முதலிலிருந்து.

கே: நான் நாத்திகன், அவர் முஸ்லிம். நான் எந்த மதமும் இல்லையே, 7-ஏ முடியுமா?

முடியாது, மேலே கிறிஸ்தவர் கேள்விக்குச் சொன்ன பதில்தான். நம்பிக்கையை வைத்து இந்து திருமணச் சட்டம் 'இந்து' என்று அளப்பதில்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவரையும் அது கிட்டத்தட்ட உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்களை நாத்திகராகவே இழுத்துக்கொள்ளும், அவரை இழுக்காது.

கே: அத்தை மகளை மதமில்லாமல் மணக்க ஆசை. சிறப்புச் சட்டத்தில் போடலாமா?

நல்ல கேள்வி, பலர் கவனிக்காத கண்ணி இது. அத்தை மகள், மாமன் மகள் இருவரும் சிறப்புச் சட்டத்தின் தடை உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள். வழக்கம் உண்டு என்று சொன்னால் போதாது, அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்திலோ நெடுங்கால வழக்கம் இருந்தாலே விலக்கு உண்டு. உங்களுக்கு 7-ஏ தான் சரி.

கே: 30 நாள் அறிவிப்பைத் திட்டுகிறீர்கள். ஏமாற்றுக் கல்யாணம், இரண்டாம் தாரம் தடுக்க அது வேண்டாமா?

திட்டவில்லை, விளைவைச் சொன்னேன். இப்போது திட்டுகிறேன். இன்று காலை கோயிலில் தாலி கட்டும் இந்து ஜோடிக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஏமாற்று அங்கே நடக்காதா? மதம் கடந்து மணப்பவர்கள் மட்டும் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது.

கே: (அவரே) அதற்காக எல்லாருக்கும் அறிவிப்பு கொண்டுவரலாமே? மதச்சார்பின்மை என்றால் சமம்தானே?

சமமாக்க இரண்டு பக்கமும் இறங்கலாம் என்கிறீர்கள், தர்க்கம் சரி. நடைமுறையில் ஆணவக் கொலை நடக்கும் மண்ணில் பெயர், முகவரியைச் சுவரில் எல்லாருக்கும் ஒட்டச் சொல்கிறீர்கள். வயது, ஏற்கெனவே துணை இருக்கிறதா என்பதை ஆவணத்தில் சரிபார்க்கலாம். ஊரைக் கூட்டித்தான் சரிபார்க்க வேண்டும் என்றில்லை. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், தம்பதி எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் மட்டும் அறிவிப்பை வெளியிடு என்றது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, அதனால் இங்கே 30 நாளை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

கே: (அவரே) பெற்றோருக்குத் தெரியும் உரிமை?

வயது வந்தவர் விஷயத்தில் கிடையாது. பெற்றோர் விருப்பமின்மை சட்டப்படி ஆட்சேபமே ஆகாது. வேறு துணை உயிரோடிருப்பது, மனநிலை, வயது, தடை உறவு: இவை பற்றிய ஆட்சேபம் மட்டுமே எடுபடும்.

கே: ஒரே பாலினத்தவர்?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த சுப்ரியோ தீர்ப்பு: இப்போதுள்ள சட்டத்தில் அவர்களுக்குத் திருமண உரிமை இல்லை. திருநங்கையும் ஆணும் என்றால் உண்டு. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தூத்துக்குடி வழக்கில் திருநங்கையை மணப்பெண்ணாக ஏற்றது.

கே: மதம் கடந்த திருமணத்தில் சொத்து எப்படிப் போகும்?

சிறப்புச் சட்டத்தில் மணந்த இந்து–இந்து ஜோடிக்கு இந்து வாரிசுச் சட்டமே. மற்றவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து இந்து தரப்பு பிரிந்ததாகவும் கருதப்படும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆதாயமும் உண்டு: 2023-ல் கேரளத்தில் ஒரு முஸ்லிம் தம்பதி, மகள்களுக்கே சொத்து முழுதும் சேரட்டும் என்று இச்சட்டத்தில் மறுபடி பதிந்தார்கள்.

கே: சாதி மதம் அற்ற சான்றிதழ் எடுத்தால் சாதி ஒழியுமே? எல்லாரும் எடுக்கலாமே?

பள்ளிப் படிவத்தில் சாதி, மதப் பத்திகளை வெறுமையாக விட 1973-லிருந்தே அரசாணை உண்டு. 2019-ல் திருப்பத்தூரில் ஒரு வழக்கறிஞர் வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். எடுப்பவர் எடுக்கட்டும். ஆனால் எடுத்தால் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் பங்கு கேட்க முடியாது, பொதுப் பட்டியல்தான். பட்டியல் சாதியினருக்குப் பிள்ளையின் சான்றிதழை விட்டுக்கொடுக்கச் சொல்லி அறிவுரை தரும் முன்னேறிய சாதி நண்பர்கள், முதலில் தங்கள் வீட்டுச் சம்பந்தத்தில் சாதி பார்ப்பதை நிறுத்தட்டும்.

கே: மறுபடியும் கேட்கிறேன், நான் நாத்திகன், அவர் கிறிஸ்தவர்…

சிறப்புச் சட்டம். 30 நாள். மூன்று சாட்சி.

கே: பதிவு அலுவலகத்துக்குப் பதில் மண்டபத்தில் நடத்தலாமா?

நியாயமான தூரத்தில் இருந்தால் அலுவலர் வரலாம், கூடுதல் கட்டணம் உண்டு. அவர் முன்னிலையில், சாட்சிகள் மூவரும் இருக்க, இருவரும் உறுதிமொழியைச் சொல்லியே ஆக வேண்டும். சாட்சிகளின் அடையாள அட்டைகளை அங்கேயே வைத்திருங்கள்.